முதலில் ஓடுகிறவள்

அன்று மதியம் கிளப்பின் உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள்:

செயலாளர். சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிறார். எதையும் கொட்டை எழுத்தில் அடித்தே பழகியவர். பேசுவதும் அப்படித்தான்.

மருந்துக்கடைக்காரர், பொருளாளர். கிளப்பில் எல்லோரும் அவரை டாக்டர் என்பார்கள். கிண்டலாக ஆரம்பித்த பெயர். போகப் போக அவரே அதை நம்பிவிட்டார்.

கார்பெண்டர். அவருடைய மகள் வாலு எங்கள் அணியில் ஆடுகிறாள். நாங்கள் தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். காரணம் எப்போதும் கோச்.

என் அண்ணன். அவன்தான் கோச். வார நாட்களில் லிஃப்ட் மெக்கானிக்.

அண்ணி. தையல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். கிளப்புக்குள் கால் வைத்தது அன்றுதான்.

நான். கோல் கீப்பர்களைப் பழக்குகிறவன். ஐஸ்கிரீம் கிடங்கில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தேன்.

யாரைப் பற்றிப் பேசக் கூடினோமோ அவள் அறைக்குள் இல்லை. வெளியே வராந்தா பெஞ்சில், தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுண்டு. அண்ணனுக்கு ஒரே மகள். பதின்மூன்று வயது.

மூன்றரைக்கு அரையிறுதி. மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றப் பெண்கள் வெளியே வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் ஈரக் கையுறையின் நாற்றம். சுவரோரம் கீப்பரின் கால் பேடுகள் சாய்ந்து நின்றன. ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் சுற்றுவதைவிட முனகுவது அதிகம்.

"சீக்கிரம் சொல்லும்மா," என்றார் செயலாளர். "இன்னும் கொஞ்ச நேரத்துல அம்பயர் வந்து லிஸ்ட் கேப்பாரு."

"அவ இன்னைக்கு ஓடமாட்டா," என்றாள் அண்ணி.

"ஓடாம? நடப்பாளா?" என்றார் கார்பெண்டர்.

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தான். காலையில் வீட்டில் இதே பேச்சு நடந்திருக்கிறது. அங்கே அவன் ஜெயித்துவிட்டான். அதனால்தான் அண்ணி அவனைத் தாண்டி நேராகச் செயலாளரிடம் வந்துவிட்டாள். பத்து பேர் முன்னால் பெண்டாட்டி தன்னைத் தாண்டிப் போனதை அவனால் விழுங்க முடியவில்லை. அவனோடு சேர்த்து ஆறு பேர்தான் இருந்தோம். அவன் முகத்தைப் பார்த்தால் ஐநூறு பேர் இருந்தது போல இருந்தது.

ஹாக்கி பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெனால்டி கார்னர் என்பது எதிரணிக்குக் கிடைக்கும் இனாம் வாய்ப்பு. அவர்களில் ஒருத்தி கோல் கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளுவாள். வட்டத்தின் விளிம்பில் ஒருத்தி அதை நிறுத்த, இன்னொருத்தி ஓங்கி அடிப்பாள். தடுக்கிறவர்கள் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர், கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். பந்து நகர்ந்த அந்த நொடியில் அவர்களில் ஒருத்தி, அடிக்கப்போகிறவளைப் பார்த்து நேராகப் பாய வேண்டும். பந்து வரும் வழியில் தன் ஸ்டிக்கைப் போட வேண்டும். ஸ்டிக் தவறினால் உடம்பு. அவள்தான் முதல் ஓட்டக்காரி. அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் முகமூடி உண்டு. மூக்கையும் பல்லையும் அது பார்த்துக்கொள்ளும். காதுக்கு மேலே, பின்மண்டை, கழுத்து எல்லாம் கடவுள் பொறுப்பு.

எங்கள் முதல் ஓட்டக்காரி சுண்டு.

அவள் அந்த இடத்துக்குப் பிறந்தவள் இல்லை. சீசன் ஆரம்பத்தில் முன்வரிசையில் ஆடினாள். பந்து அவள் ஸ்டிக்குக்கு வந்தால் எதிரே நிற்கிறவளுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாது. அப்படி ஓர் ஆட்டம். கோல் போட்டாள், போடவும் வைத்தாள். ஆனால் கோச்சின் மகள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பெற்றோர்கள் நின்று பேசுவது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். "அப்பன் கோச்சா இருந்தா என் பொண்ணும்தான் ஃபார்வர்டு ஆடுவா." இதைச் சொன்னவர் கார்பெண்டர். தலையாட்டியவர்கள் மற்றவர்கள்.

கோச்சின் பிள்ளைக்குச் சலுகை கிடைக்கும் என்று ஊரே நினைக்கிறது. நான் பார்த்த வரையில் கோச்சின் பிள்ளைக்குத்தான் அடி அதிகம். அடுத்த வாரமே அண்ணன் அவளைப் பின்வரிசைக்கு இழுத்தான். முதல் ஓட்டக்காரி ஆக்கினான். எல்லோரும் பார்க்கும்படி சாயங்காலங்களில் தனியாக நிற்கவைத்து அவள் மேல் டென்னிஸ் பந்துகளை அடித்தான். கண்ணை மூடினால் இன்னும் ஒன்று. பெற்றோர்களின் வாய் அடைத்தது. அதை நியாயம் என்று நினைத்துக்கொண்டான் அண்ணன்.

அவன் நல்ல ஆட்டக்காரன். ஒரு டிபார்ட்மெண்ட் டீமுக்கு ஆடியவன். முன்பல் இரண்டும் அங்கேதான் போயின. நன்றாக ஆடியவனுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கவும் வரும் என்று கிளப் நினைத்தது, அவனும் நினைத்தான். அவனுக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். அடி விழுந்தால் பயம் உள்ளே நுழைவதற்குள் திரும்ப ஓடு.

போன ஞாயிறு காலிறுதி. கடைசிப் பகுதியில் ஒரு கார்னர். சுண்டு பாய்ந்தாள். அடித்த பந்து அவளுடைய ஸ்டிக்கின் நுனியில் பட்டு எகிறி, இடது காதுக்கு மேலே மோதியது. குப்புற விழுந்தாள். பிறகு எழுந்தாள். "பந்து எங்க?" என்று கேட்டாள். மைதானமே கை தட்டியது. ஆட்டம் முடியும் வரை ஆடினாள். ஜெயித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "ஸ்கோர் என்ன சித்தப்பா?" என்றாள். சொன்னேன். இரண்டு நிறுத்தம் தாண்டி மறுபடியும் கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"புதன்கிழமை வாந்தி எடுத்தா," என்றாள் அண்ணி இப்போது. "ஜன்னலைத் திறந்தா கண்ணு கூசுதுங்கறா. ரூமை இருட்டாக்கிட்டு படுத்திருக்கா. நேத்து ஷூ லேஸைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. என்னடின்னா, எப்படிக் கட்டணும்னு யோசிக்கிறேங்கறா."

"எக்ஸாம் டென்ஷன்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"எக்ஸாம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு."

"அப்ப ரிசல்ட் டென்ஷன்."

"டாக்டர், கொஞ்சம் சும்மா இருங்க," என்றேன்.

"ஏங்க, மயக்கம் போட்டு விழுந்தாளா?" செயலாளர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல," என்றான் அண்ணன். "உடனே எழுந்துட்டா. மாஸ்க்கும் போட்டிருந்தா."

"அப்புறம் என்ன? மயக்கம் போடலைன்னா தலையில ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். மாஸ்க் வேற இருக்கு."

"பந்து மாஸ்க் மேல படலைங்க," என்றேன். "மாஸ்க் இல்லாத இடத்துலதான் பட்டுச்சு."

"அதான் எழுந்து ஆடினாளே!"

இதுதான் அந்த அறையில் திரும்பத் திரும்ப வந்து மோதிய சுவர். எழுந்து ஆடினாள். எழுந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள், கையும் தட்டியிருந்தார்கள். எழுந்தவளுக்குள் என்ன எழவில்லை என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

கார்பெண்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. செமி ஃபைனல்ல அந்தப் பக்கம் அடிக்கிறவ யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த நெட்டச்சி. அவ அடிச்சா பந்து கண்ணுக்கே தெரியாது. இத்தனை நாள் கோச் பொண்ணு ஓடினா. இன்னைக்குன்னு பாத்து தலைவலி. அவ உக்காந்தா யாரு ஓடணும்? வேகத்துல அடுத்தவ என் பொண்ணு. கணக்கு எனக்கும் தெரியும்."

"தலைவலின்னு யாரு சொன்னா?" என்றாள் அண்ணி. "உங்க காதுல என்ன, மரத்தூளா?"

"பாத்தீங்களா கோச், எப்படிப் பேசறாங்கன்னு."

அண்ணன் நிமிர்ந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மகளைப் பற்றிக் கேட்டதெல்லாம் ஒரு காதில் போயிருந்தது. கார்பெண்டர் சொன்னது மட்டும் இரண்டு காதிலும் நின்றது.

"அவ ஓடுவா," என்றான்.

"ஏங்க!"

"ஓடுவா. நான் என் பொண்ணைக் காப்பாத்திக்கிட்டு அடுத்தவங்க பொண்ணை அனுப்பினேன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"ஒருத்தன் சொல்றதுக்காக அவளுக்கு ஏதாவது ஆனா?"

"இரு, இரு," என்றார் செயலாளர். "அடிச்சுக்காதீங்க. டாக்டர் இருக்காரு. செக் பண்ணிடலாம். அவரு ஓகேன்னா ஓகே. இல்லைன்னா இல்ல. முடிஞ்சுது."

சுண்டுவைக் கூப்பிட்டேன். உள்ளே வந்தாள். அறையின் வெளிச்சத்துக்கே கண்ணைச் சுருக்கினாள், உடனே விரித்தாள். அவள் அதைப் பழகி வைத்திருப்பது போல இருந்தது. லேஸ் கச்சிதமாகக் கட்டியிருந்தது. இரண்டு ஷூவிலும் முடிச்சு வெளிப்பக்கமாக. வாலு அப்படித்தான் கட்டுவாள்.

"வாம்மா, தங்கம்," என்றார் மருந்துக்கடைக்காரர். சட்டைப் பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். "எத்தனை விரல்?"

"மூணு."

"கரெக்ட். இன்னைக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"யார்கூட மேட்ச்?" சொன்னாள்.

"போன மேட்ச் ஸ்கோர்?" அதையும் சொன்னாள்.

"பிரமாதம். எனக்கே போன மேட்ச் ஸ்கோர் ஞாபகம் இல்ல," என்றார். கார்பெண்டர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனின் தோள்கள் இறங்கின. அவனுக்கு அவ்வளவு நிம்மதி.

"சுண்டு," என்றேன். "அடி பட்டப்ப என்ன நடந்ததுன்னு சொல்லு பாப்போம்."

"எதுக்கு சித்தப்பா?"

"சும்மா சொல்லேன்."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். செய்யுள் ஒப்பிப்பது போல ஆரம்பித்தாள். "அவங்களுக்கு கார்னர் கிடைச்சுது. பந்தைத் தள்ளினாங்க. நான் ஓடினேன். பச்சை ஹேர்பேண்ட் போட்டவ அடிச்சா. என் ஸ்டிக்குல பட்டு என் தலையில பட்டுச்சு. நான் விழுந்தேன். பந்து அப்படியே பின்னாடி போய் இடது போஸ்ட்ல டங்குனு அடிச்சு வெளிய போயிடுச்சு. கீப்பர் தப்பான பக்கம் டைவ் அடிச்சிருந்தா, பயந்துட்டா, முட்டி போட்டுக்கிட்டே போஸ்ட்டைத் தொட்டுக் கும்பிட்டா. அப்புறம் நான் எழுந்தேன். பந்து எங்கன்னு கேட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க."

"அடேங்கப்பா, கமெண்ட்ரி," என்றார் செயலாளர். "இவளுக்கா ஞாபகம் இல்ல? சரி, எழுந்திருங்க எல்லாரும்."

நாற்காலிகள் நகர்ந்தன. அண்ணன் மட்டும் எழவில்லை. அவனுடைய உதடு லேசாக அசைந்தது. ஆட்டத்தை மனசுக்குள் திரும்ப ஓட்டும்போது அவன் அப்படிச் செய்வான். யார் எங்கே நின்றார்கள், யார் முகம் எந்தப் பக்கம் என்று ஒவ்வொருத்தியாக நிறுத்திப் பார்ப்பான். மற்ற எதில் தவறினாலும் அதில் தவறமாட்டான்.

"பந்து எந்தப் போஸ்ட்ல பட்டுச்சு?" என்று கேட்டான்.

"இடது போஸ்ட்ல."

"கீப்பர் என்ன பண்ணா?"

"போஸ்ட்டைத் தொட்டுக் கும்பிட்டா."

"நீ எங்க இருந்த அப்ப?"

சுண்டு தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

"நீ வெளிய பாத்து ஓடின. கோல் உனக்கு முதுகுப் பக்கம். அடி பட்டுக் குப்புறக் கிடந்த. போஸ்ட்டை எப்படிப் பாத்த?"

"சத்தம் கேட்டுச்சுப்பா."

"கும்பிட்டது சத்தமா கேட்டுச்சா?"

செயலாளர் எழுந்த நிலையிலேயே நின்றார். அண்ணன் மெதுவான குரலில் கேட்டான். "இடது போஸ்ட்ல நின்னது யாரு?"

"வாலு," என்றாள் சுண்டு.

கார்பெண்டர் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே வாலு கத்திக்கொண்டே ஓடும் சத்தம் கேட்டது.

"வேற என்ன சொல்லிக் குடுத்தா?"

சுண்டுவின் கீழ் உதடு மடங்கியது. "ஸ்கோர் சொன்னா. லேஸ் கட்டிவிட்டா. அப்புறம், டாக்டர் அங்கிள் விரலைக் காட்டுவாரு, எப்பவுமே மூணுதான் காட்டுவாருன்னு சொன்னா."

மருந்துக்கடைக்காரர் தன் கையைப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

"நிஜமா உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்றான் அண்ணன்.

"காலைல பஸ் ஏறினது."

"அப்புறம்?"

"வீட்ல பாத்ரூம்ல தண்ணி ஊத்திக்கிட்டது."

"நடுவுல?"

"நடுவுல இல்லப்பா."

ஒரு நாள் முழுவதும் அவளிடம் இல்லை. அந்த நாளில்தான் நாங்கள் ஜெயித்தோம். பஸ்ஸில் பாட்டுப் பாடினோம். அண்ணன் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கிக்கொடுத்து, "பாத்தியா, என் பொண்ணு!" என்று என் முதுகில் அறைந்தான்.

அண்ணி அழவில்லை. மகளின் தோள்பையைத் தேடி எடுத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். "ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க வர்றீங்களா இல்லையா?"

"அம்மா, ப்ளீஸ்மா. இன்னைக்கு மட்டும். நான் ஓடறேன். எனக்கு ஒண்ணும் இல்ல." சுண்டு அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, நான் உக்காந்தா நான் பயந்துட்டேன்னு சொல்லுவாங்கப்பா. நீதான சொன்ன, பயம் உள்ள வர்றதுக்குள்ள திரும்ப ஓடணும்னு."

அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதான், ஒரு எழுத்து மாறாமல் திரும்பி வந்திருந்தது.

"சரி, பாவம்தான். உக்காரட்டும்," என்றார் செயலாளர். "யாரும் கல்நெஞ்சுக்காரங்க இல்ல. பதிலுக்கு வாலு ஓடட்டும். கோச், பேரை மாத்திக் குடுங்க."

கார்பெண்டர் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "இதைத்தான் நான் மொதல்லயே சொன்னேன்! கோச் பொண்ணு மட்டும்தான் பொண்ணு, என் பொண்ணு மரக்கட்டையா? இப்பதான் கண்ணால பாத்தோம் அந்தப் பந்து என்ன பண்ணும்னு. தெரிஞ்சே என் பொண்ணை அனுப்புவீங்களா?"

"அனுப்பமாட்டேன்," என்றான் அண்ணன்.

"அப்புறம்?"

"யாரும் ஓட வேண்டாம்."

செயலாளர் காது சரியாகக் கேட்காதவர் போல முன்னால் வந்தார். "என்னது?"

"நாலு பொண்ணுங்களும் கோல் லைன்கிட்டயே நிக்கட்டும். பந்து நின்னப்புறம் நெருங்கட்டும். முதல்ல ஓடணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. டிவில பெரியவங்க ஓடறாங்க, நாமளும் ஓட வெச்சோம். இந்த வயசுப் பிள்ளைங்க பாதி கார்னர்ல பந்தை நிறுத்தக்கூட மாட்டாங்க. தம்பி, சொல்லுடா."

"கரெக்ட்தான்," என்றேன். "ஓடாம இருந்தா கீப்பருக்கும் பந்து மறைக்காம தெரியும். ரெண்டு கோல் கூட விழலாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" செயலாளரின் குரல் கொட்டை எழுத்துக்குப் போனது. "செமி ஃபைனல்யா இது! அந்த நெட்டச்சிக்கு வழிய விட்டுட்டு வரிசையா நின்னு வேடிக்கை பாக்கறதா? நாளைக்கு எவன் நம்ம கிளப்புல பிள்ளையைச் சேப்பான்? பயந்தாங்கொள்ளி கிளப்னு போர்டு அடிச்சு மாட்டிடவா? நானே இலவசமா அடிச்சுத் தர்றேன்."

"அடிச்சுக்குங்க."

"கோச், உங்க பொண்ணுக்கு அடி பட்டதும் உங்களுக்குப் பயம் வந்துடுச்சு. அதுக்காக டீமையே உக்கார வைக்காதீங்க."

"ஆமா, பயம் வந்துடுச்சு," என்றான் அண்ணன். "இவங்க வாயை மூடறதுக்காக நான்தான் அவளை அங்க கொண்டுபோய் நிறுத்தினேன். அப்பவே வந்திருக்கணும். என் கையால எந்தப் பிள்ளையையும் இனிமே அங்க அனுப்பமாட்டேன்."

"அப்ப உங்க கையால டீமும் இறங்க வேண்டாம்."

அதைச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் நினைத்து வந்திருக்கமாட்டார். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மருந்துக்கடைக்காரர் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். செயலாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஃபேமிலியோட கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க. அதான் இப்ப முக்கியம். இங்க நாங்க பாத்துக்கறோம்." பிறகு கார்பெண்டரிடம் திரும்பினார். "நீங்கதான இத்தனை நாளா இப்படி ஆடணும், அப்படி ஆடணும்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. இன்னைக்கு நீங்க நில்லுங்க கோச்சா."

கார்பெண்டர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "நானா? எனக்கு ஆடத் தெரியாதேங்க."

"சொல்லத் தெரியுமில்ல? போதும்."

அண்ணன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி பெஞ்சின் மேல் வைத்தான். செயலாளர் அதை எடுத்துக் கார்பெண்டரின் கையில் திணித்தார். அவர் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் போல உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். உளி பிடித்துக் காய்த்த பெரிய கை. விசில் அதில் பொத்தான் மாதிரி இருந்தது.

சுண்டு அசைய மறுத்தாள். அண்ணி ஒரு கையைப் பிடித்தாள், அண்ணன் இன்னொரு கையை. உதறியதில் தொப்பி கீழே விழுந்தது. "நீ கெடுத்துட்ட," என்றாள் அப்பாவிடம். "எல்லாத்தையும் நீதான் கெடுத்துட்ட." அவன் அவளுடைய தொப்பியைக் கீழே இருந்து எடுத்து, வெளிச்சம் படாதபடி அவள் தலையில் வைத்தான். அடிபட்ட பக்கம் கை படாமல் வைத்தான். ஒரு வாரத்தில் அன்றுதான் அந்தப் பக்கத்தைப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"நீ வர்றியாடா?" என்று என்னைக் கேட்டான்.

கீப்பர் வெளியே காத்துக்கொண்டிருந்தாள். பேடைக் கட்டிவிட ஆள் வேண்டும். கோட்டில் எங்கே நிற்பது என்று சொல்ல ஆள் வேண்டும். யார் ஓடினாலும், ஓடாவிட்டாலும், பந்து கடைசியில் வருவது அவளிடம்தான்.

"நீங்க போங்க. ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணு," என்றேன்.

அதற்குள் வராந்தாவில் அம்பயர் வந்துவிட்டார். கம்பி வேலிப் பக்கமிருந்து நாலைந்து பெற்றோர்களும் என்ன தாமதம் என்று பார்க்க வந்து வாசலில் எட்டிப் பார்த்தார்கள். செயலாளர் அவர்களைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார்.

"சின்ன மாற்றம். இன்னைக்கு இவர்தான் கோச்," என்று கார்பெண்டரைக் காட்டினார். "சொல்லுங்க கோச். கார்னருக்கு யாரு ஓடறது?"

கார்பெண்டர் வாசலில் இருந்த முகங்களைப் பார்த்தார். அவரோடு சேர்ந்து சீசன் முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசியவர்கள். அதில் இரண்டு பேரின் மகள்கள் வேகமாக ஓடக்கூடியவர்கள். அந்த இரண்டு பேரும் அவரைக் கண் எடுக்காமல் பார்த்தார்கள். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. அவர் விசிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"என் பொண்ணுதான்," என்றார். "வேற யாரு? என் பொண்ணே ஓடட்டும்."

வாசலில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். "நியாயமான ஆளுப்பா," என்று ஒருவர் சொன்னது கேட்டது.

அண்ணன் வராந்தாப் படிவரை போயிருந்தான். அண்ணியிடம் மகளின் கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான். வாசலில் நின்றவர்களைத் தோளால் விலக்கிக்கொண்டு உள்ளே ஒரு காலை வைத்தான்.

"வேணாம்," என்றான். "நீங்க இதைப் பண்ணாதீங்க. சொன்னா கேளுங்க. நான் பண்ணினதையே நீங்களும் பண்ணாதீங்க."

கார்பெண்டர் அவனைப் பார்க்கவில்லை. "நீங்க கிளம்புங்க கோச்," என்றார். "உங்க பொண்ணைப் பாருங்க."

"அவ தலையில பட்டா நீங்க இவங்களையா கேப்பீங்க? இவங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. நான் ஒரு வாரமா..."

"போதும்," என்றார் செயலாளர். "டீம் பேசணும். வெளி ஆளுங்க வெளிய இருங்க."

உள்ளங்கையை அண்ணனின் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். பலமாக இல்லை. அண்ணனுக்குப் பெரிய உடம்பு, லிஃப்ட் கயிற்றைத் தனியாக இழுக்கிறவன். நின்றிருந்தால் செயலாளரால் அசைத்திருக்க முடியாது. ஆனால் வெளியே சுண்டு வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவன் திரும்பினான். கால் வாசற்படியைத் தாண்டியது.

செயலாளர் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருப்பினார்.